திருப்திகரமானது, மூன்று நட்சத்திரம்

எழுதுபொருள் கண்காணிப்புத் திணைக்களத்தின் வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ஐந்து கூடுகள் இருந்தன. மோசமானது, திருத்தம் தேவை, திருப்திகரமானது, சிறந்தது, மிகச் சிறந்தது.

முதலிரண்டு கூடுகளில் சரி போட்டால் விசாரணை வைக்க வேண்டும். விசாரணைக்கு உட்காரக் கதிரைகள் போதாது. 'சிறந்தது' என்று போட்டால், ஏன் என்று மேலிடம் கேட்கும். 'மிகச் சிறந்தது' என்றால் காரணங்களை மூன்று பிரதிகளில் இணைக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தக் கடைசிக் கூட்டில் ஒரேயொருவருக்குத்தான் சரி விழுந்தது. அறிக்கை மேலிடம் போய்ச் சேர முன்னரே அவர் காலமாகிவிட்டதால் ஆட்சேபம் எதுவும் எழவில்லை.

இந்த அறிக்கைகளை எழுதியவர் திருவாளர் சவுந்தரநாயகம். அவருடைய பேனையிலிருந்து 'திருப்திகரமானது' என்ற சொல் இறங்கினால் அந்த வருடச் சம்பள ஏற்றம் நிச்சயம். சிலர் அதைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினார்கள். ஒருவர் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்ததாகவும் கேள்வி.

ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்த சவுந்தரநாயகத்துக்கு ஒரேயொரு குறை. நாளுக்கு நாற்பது தரம் திகதி முத்திரை குத்திப் பழகிய கை அது. வீட்டில் குத்துவதற்கு முத்திரையும் இல்லை, குத்தப்படத் தகுதியான கடதாசியும் இல்லை. மகள் யூஜினா இரக்கப்பட்டு அவருடைய போனில் 'ஏலேலோ' என்ற ஏலச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். இரண்டாம் நாளே ஒரு பழைய அரசாங்கக் கந்தோர்த் திகதி முத்திரை ஏலத்துக்கு வந்தது. கடைசி நாலு நிமிடம் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார். அவரும் ஓய்வுபெற்றவராகத்தான் இருந்திருப்பார். சவுந்தரநாயகம் வென்றார்.

பார்சல் பன்னிரண்டாம் திகதி வியாழக்கிழமை வந்தது. அவர் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எல்லாத் திகதிகளையும் குத்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்னூட்டம் எழுதினார்.

'திருப்திகரமானது. ஏழாம் இலக்கத்தின் கை தேய்ந்துள்ளதால் ஒன்று போலத் தோன்றலாம். பயன்பாட்டுக்குத் தடையில்லை.'

மூன்று நட்சத்திரம். கீழே முழுப்பெயர்.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"அங்கிள், நான் கொட்டாஞ்சேன நளீபா. முத்திர வித்தது நான்தான்."

"நல்லது பிள்ளை. எழுதினதைப் பார்த்தீங்களோ?"

"பார்த்தேன் அங்கிள். அழுதுட்டேன்."

சவுந்தரநாயகம் நெகிழ்ந்துபோனார். முன்னரும் சிலர் அப்படி அழுததுண்டு. "அழத் தேவையில்லை. தகுதி இருந்தது, போட்டனான்."

அந்தப் பக்கத்திலிருந்து விசாரணை தொடங்கியது.

"சாமான் ஒடஞ்சியா வந்திச்சு?"

"இல்லை."

"லேட்டா?"

"ஒரு நாள் முந்தி வந்தது."

"அப்ப என்னத்துக்கு அங்கிள் மூணு?"

"திருப்தி எண்டால் மூண்டுதானே பிள்ளை."

நளீபா பொறுமையான பெண். மூடப்பட்ட கந்தோர்களின் பழைய சாமான்களை மொத்தமாக எடுத்து, தூசு தட்டி, ஒவ்வொன்றாக விற்று ஒரு குடும்பத்தை ஓட்டுகிறவள். ஏலேலோவின் நட்சத்திர மரியாதையை அவருக்கு விளக்கிச் சொன்னாள். ஐந்து என்றால் பார்சல் கிடைத்தது என்று அர்த்தம். நாலு என்றால் கோபம். மூன்று என்றால் இவள் கள்ளி. இரண்டு என்றால் பொலிசுக்குப் போகப் போகிறேன். ஒன்று என்றால் விரல் தவறிப் பட்டுவிட்டது.

சவுந்தரநாயகம் குறிப்பெடுத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார். உண்மையாகவே நல்ல சாமான் வந்தால் என்ன போடுவது?

"அதுக்கும் ஐஞ்சுதான் அங்கிள். பக்கத்துல கை கும்பிடுற படம் போடுவாங்க."

அவளுடைய கடைக்குத் தங்கக் கிரீடம் இருந்தது. அவருடைய மூன்றினால் அது மதியத்தோடு கழன்றுவிட்டது. கிரீடம் இல்லாத கடை தேடும்போது ஒன்பதாம் பக்கத்தில் வரும். ஒன்பதாம் பக்கத்துக்கும் ஆட்கள் வருவார்கள்தானே என்றார் சவுந்தரநாயகம். ஒன்பதாம் பக்கத்துக்கு வழி தவறினவர்கள்தான் வருவார்கள் என்றாள் நளீபா. தயவுசெய்து மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள்.

"பெயர் வைச்ச அறிக்கையை மாத்தினால் அதுக்குப் பேர் மோசடி, பிள்ளை. நான் முப்பத்து நாலு வருசத்தில ஒரு எழுத்து மாத்தினதில்லை."

ஏலேலோவில் இன்னொரு நாகரிகமும் உண்டு. வாங்கினவர் வாய் திறக்கும்வரை விற்றவர் தன் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நளீபாவும் அப்படித்தான் காத்திருந்தாள். இப்போது கையைத் திறந்தாள். சவுந்தரநாயகத்தின் பெயருக்குக் கீழே ஒரேயொரு நட்சத்திரம் முளைத்தது. பக்கத்தில், 'வாங்கினவர் படிச்ச மனுசன். கவனம்.'

வெள்ளிக்கிழமை போனில் கூப்பிட்ட த்ரீவீல் ஓட்டோ வரவில்லை. ஏலேலோ நடத்துகிற கம்பனிதான் த்ரீவீலும் அனுப்புகிறது, சோற்றுப் பார்சலும் அனுப்புகிறது. மூன்றுக்கும் ஒருவருக்கு ஒரே நட்சத்திரம். சனிக்கிழமை கொத்துரொட்டியும் மறுக்கப்பட்டது. இதையெல்லாம் சவுந்தரநாயகம் ஒரு நிர்வாகத் தாமதமாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வத்தளையிலிருந்து வந்த போனைத்தான் அப்படி எடுக்க முடியவில்லை.

யூஜினாவும் றெஜியும் ஒரே வங்கியில் வேலை. இரண்டு வருடமாக விருப்பம். றெஜியின் தாய் பிறிஜெற் அடுத்த ஞாயிறு வெள்ளவத்தைக்கு வந்து பேசி முடிப்பதாக இருந்தது. முந்தியென்றால் பங்குத் தந்தையிடம் விசாரிப்பார்கள். பிறிஜெற் புது நாகரிகம் தெரிந்தவர், நட்சத்திரத்தை விசாரித்தார். பெண்ணின் தகப்பனுக்கு ஒன்று. கவனம் என்றும் எழுதியிருக்கிறது. படித்தவர் என்பதையும் அவர் குற்றச்சாட்டாகவே வாசித்திருந்தார். அதைச் சரிசெய்துவிட்டுச் சொல்லுங்கள், பிறகு வருகிறோம் என்று வைத்துவிட்டார்.

யூஜினா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மனைவி யோசெப்பின்தான் சொன்னார்.

"உங்கட ஏழுக்குக் கை இல்லாட்டி என்ன, கால் இல்லாட்டி என்ன? பிள்ளைக்கு முப்பத்தொரு வயசு."

நல்ல வேளையாக ஏலேலோவே ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. இரு தரப்பாரும் பதினேழாம் திகதி செவ்வாய்க்கிழமை நல்லிணக்கத்துக்குச் சமுகமளிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை யோசெப்பின் அந்தோனியார் கோயிலுக்குப் போகிற நாள். இருவரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அவர் கோயிலடியில் இறங்க, இவர் கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

அது ஒரு அச்சகத்துக்கு மேல்மாடி. வாசலில் மூன்று மொழியிலும் பலகை. தமிழில் 'பின்னூட்ட நல்லினக்க அழகு' என்று இருந்தது. நல்லிணக்க அலகு என்று இருக்க வேண்டும் என்பதைச் சவுந்தரநாயகம் உடனே குறித்துக்கொண்டார். உள்ளே கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் நிஸாம். நல்லிணக்க அதிகாரி. எதிரே நளீபா, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. சவுந்தரநாயகம் முத்திரையைச் சான்றுப் பொருளாகக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்து, ஏழைத் திருப்பி, தேய்ந்த கையைக் காட்டத் தொடங்கினார்.

நிஸாம் பணிவாக மறித்தார். "உண்மையா பொய்யா எண்டது எங்கட பிரிவு இல்ல சேர். நாங்க நல்லிணக்கம் மட்டும்தான்."

"அப்ப உண்மை எந்தப் பிரிவு?"

"அது இன்னும் தொடங்கல்ல சேர்."

நடைமுறை எளிமையானது. இருவரும் போனை மேசையில் வைத்து, அதிகாரி மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் தத்தம் கருத்தை மீளப்பெற வேண்டும். நிஸாம் எண்ணினார். நளீபா சவுந்தரநாயகத்தின் விரலைப் பார்த்தாள். சவுந்தரநாயகம் நளீபாவின் விரலைப் பார்த்தார். இரண்டாம் தரம் எண்ணினார். மூன்றாம் தரம் எண்ணும்போது தண்ணீர் குடித்துவிட்டு எண்ணினார். நாட்டில் நல்லிணக்கம் வழமையாக நிற்கிற இடத்திலேயே அதுவும் நின்றது.

அப்போதுதான் சவுந்தரநாயகம் கேட்டார், ஐந்து என்றால் என்ன என்று கம்பனி எங்காவது எழுதி வைத்திருக்கிறதா? நிஸாம் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்தது: 'ஐந்து: முறைப்பாடு இல்லை.'

சவுந்தரநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம்.

"தம்பி, முறைப்பாடு இல்லை எண்டதுக்கு எங்கட திணைக்களத்தில என்ன சொல்லுறது தெரியுமோ? திருப்திகரமானது. அப்ப உங்கட அஞ்சு எங்கட மூண்டு. மைலைக் கிலோமீட்டராக்கிற மாதிரி. இது அறிக்கையை மாத்துறது இல்லை, அளவையை மாத்துறது. எழுத்தில தந்தால் நான் போடுவன்."

நிஸாமுக்கு மூச்சு வந்தது. உடனே கம்பனிக் கடதாசியில் எழுதினார்: 'ஏலேலோவின் ஐந்து நட்சத்திரங்கள், எழுதுபொருள் கண்காணிப்புத் திணைக்களத்தின் திருப்திகரமானது என்பதற்குச் சமமாகும்.' கையொப்பமும் வைத்தார். திகதி போட முத்திரையைத் தேடினார். அலகில் எல்லாம் இருந்தது, குளிரூட்டி கூட இருந்தது. திகதி முத்திரை இல்லை.

சவுந்தரநாயகம் சான்றுப் பொருளை எடுத்தார். மையொற்றினார். டக்.

விழுந்தது பதினேழு. தெரிந்தது பதினொன்று.

"நான் எழுதினனான்தானே," என்றார் சவுந்தரநாயகம் மெல்ல.

நிஸாம் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முறைப்பாடு எழுந்தது பன்னிரண்டாம் திகதி. தீர்ப்பு பதினோராம் திகதியே வந்துவிட்டது. "அப்ப பிரச்சினையே எழும்பல்ல சேர்," என்றார். இந்த நாட்டில் எந்த விசாரணையும் அவ்வளவு விரைவாக முடிந்ததில்லை.

"அப்ப நான் அழுதது?" என்று கேட்டாள் நளீபா.

"அலுவலக ரீதியா அழல்ல நீங்க."

இருவரும் ஐந்து போட்டார்கள். 'வாங்கினவர் தங்கமான மனுசன்' என்று எழுதி மூன்று கும்பிடும் கைகள் வைத்தாள் நளீபா. கிரீடம் பின்னேரம் வரும் என்றார் நிஸாம். படியிறங்கும்போது அவள் கொஞ்சம் நின்றாள்.

"அங்கிள், ஆயிரத்து நானூறு பேர் எனக்கு எழுதீக்கிறாங்க. ஒருத்தர் கூட சாமானப் பார்த்து எழுதல்ல. ஏழுட கை தேஞ்சது எனக்கே தெரியா. அந்த வரிய மட்டும் அழிக்காம வைங்க."

ஞாயிற்றுக்கிழமை பிறிஜெற் மகனோடு வந்தார். நட்சத்திரம் ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஏறியதற்கு முதலில் வாழ்த்துச் சொன்னார். கோழிக்கறி சுப்பர் என்றார். கத்தரிக்காய் மோஜு சுப்பர் என்றார். தொடர்மாடியின் லிஃப்ற் வேலை செய்யவில்லை, அதையும் சுப்பர் உடற்பயிற்சி என்றார். றெஜி நல்ல பையன். யாராவது ஒரு கதை சொல்லத் தொடங்கினால் அதன் முடிவை அவனே சொல்லிவிடுவான். இனிப்புக்கு வட்டிலப்பம் வருமுன் பிறிஜெற் கேட்டார்:

"எங்கட மகன் எப்படி உங்களுக்கு?"

யோசெப்பின் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். சவுந்தரநாயகம் சட்டைப் பையிலிருந்த கம்பனிக் கடிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"அஞ்சு நட்சத்திரம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். யூஜினா மட்டும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். தகப்பன் பின்னால் போனார்.

"அப்பா, றெஜியில என்ன பிழை?"

"நான் அஞ்செல்லோ சொன்னனான்."

"அதுதான் கேக்கிறன்."

அவருடைய வாயிலிருந்து 'திருப்திகரமானது' தவிர வேறு பாராட்டு வந்து அவள் கேட்டதில்லை. முப்பத்தொரு வருடம் அவருடைய வீட்டில் வளர்ந்த பெண். சவுந்தரநாயகம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த முத்திரையையும் ஒரு பழைய மின்சார பில்லையும் எடுத்து, பின்பக்கத்தில் எழுதினார்.

'திருப்திகரமானது. மற்றவர் கதைத்து முடிக்க விடுவதில்லை. பயன்பாட்டுக்குத் தடையில்லை.'

டக். இருபத்திரண்டு. ஏழு இல்லாத திகதி.

யூஜினா வாசித்தாள், முகத்தைத் துடைத்தாள், சிரித்தாள், மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். கலியாணம் அந்த நிமிடத்தில்தான் நிச்சயமானது.

வாசலில் யோசெப்பின், கையில் வட்டிலப்பத் தட்டு. "முப்பத்தாறு வருசம். எனக்கு ஒண்டும் போடேல்லையே."

சவுந்தரநாயகம் உணர்ச்சிவசப்பட்டு இன்னொரு பில்லை எடுத்து 'மிகச்' என்று தொடங்கிவிட்டார். யோசெப்பின் பதறிச் சிலுவை அடையாளம் போட்டார். அந்தக் கூட்டில் சரி விழுந்த ஒரேயொருவருக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

"வேண்டாம். வழமையானதையே போடுங்கோ."

'திருப்திகரமானது.' டக்.

சத்தம் கேட்டுப் பிறிஜெற்றும் குசினிக்கு வந்தார். மகனுடைய கடதாசியை யூஜினாவின் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். யோசெப்பினுடைய கடதாசியையும் பார்த்தார்.

"இவவுக்கும் இது, என்ர மகனுக்கும் இது. எல்லாருக்கும் இதுதான் போடுவீங்களோ?"

இல்லை என்று சொல்லச் சவுந்தரநாயகம் வாயைத் திறந்தார். பிறகு யோசித்துப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்கள். செத்துப்போன ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நடுக் கூடு. நளீபாவின் ஆயிரத்து நானூறு பேரும் கும்பிடும் கையோடு வந்து அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றதுபோல் இருந்தது.

அவர் முத்திரையின் மையைத் துடைக்கத் தொடங்கினார்.

"இல்லை, என்ர மகனுக்கு ரெண்டாவது வரி ஒண்டும் இருக்கு," என்று பிறிஜெற் கண்ணைச் சுருக்கி உரக்க வாசிக்க, வாசித்து முடிக்க முன்னரே முன்னறையிலிருந்து றெஜி அந்த வரியின் முடிவைச் சொன்னான். யூஜினா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பிறிஜெற்றுக்கும் சிரிப்பு வந்தது, உண்மைதானே என்றார்.

யோசெப்பின் சிரிக்கவில்லை. தன் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் மின்சார பில். பின்பக்கம் ஒரே வரி.

"எனக்கு ரெண்டாவது வரி எங்க?"

சவுந்தரநாயகம் பேனை மூடியைத் திறந்தார். முப்பத்தாறு வருடமாக அவருக்குத் தெரிந்த குறையைச் சொல்லும் வரிதான். ஆனால் வட்டிலப்பம் இன்னும் யோசெப்பினுடைய கையில்தான் இருந்தது.