உதட்டு ஜோசியர்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்கள் உண்டு. காதைத் தீட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: உதட்டு ஜோசியர்கள். தொலைக்காட்சியில் கால்பந்து நடக்கும்போது, பந்தை விட்டுவிட்டு, பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு என்ன முணுமுணுத்தார், கோல் வாங்கியவன் நடுவரிடம் என்ன புலம்பினான் என்று உதட்டசைவை வைத்தே புட்டுப் புட்டு வைப்பவர்கள். இவர்களில் ஒருவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே கண்ணாடி முன்தான் சவரம் செய்கிறோம்.

அவர் பல் டாக்டர். ஜோசியர் பட்டத்தை மைத்துனர் கிண்டலாகக் கொடுத்தார். இவர் விருதாக வாங்கிக்கொண்டார். நோயாளியின் வாயில் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்பார். "ஆ" என்று பதில் வரும். "இல்லைதானே? நல்லது" என்று தானே அர்த்தம் சொல்லிக்கொள்வார். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் மறுத்துப் பேசியதில்லை. பேச வாய் ஏது? அந்தத் தைரியத்தில்தான், தனக்கு ஓர் எழுத்தும் தெரியாத மொழி பேசும் ஆட்டக்காரர்களை எல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடி தமிழ் பேசவைத்தார்.

"பாரு, 'இவனை எவன்டா உள்ள விட்டான்'னு கேக்கறான்."

வர்ணனை இடைஞ்சல் என்று சத்தத்தை அணைத்துவிடுவார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவனையும் விடமாட்டார். பொத்துகிறான் என்றால் கெட்ட வார்த்தை, முடிந்தது கதை.

ஒரு நாள் மாலை, அப்படித்தான் வீடு நிசப்தமாக இருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ப்ரமோஷன் வந்திருக்குங்க. ஆனா வெளியூர், ரெண்டு வருஷம். சரின்னு சொல்லிடவா?"

திரையில் பயிற்சியாளர் நடுவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துத் தயங்கினார். நம்மவர் திரையைப் பார்த்தபடியே, அவரைத் தூண்டிவிடத் தொடையைத் தட்டினார்.

"சொல்லிடு, சொல்லிடு. எதுக்கு யோசிக்கற?"

மனைவி எழுந்து ஜன்னலருகே போய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கைபேசியில் பேசினார். டாக்டர் சட்டென்று திரும்பினார். பொத்திய வாயல்லவா? புருவம், கன்னம், தோள் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தங்கச்சியிடம் பேசுகிறாள். அடுத்த வாரம் தனக்குப் பிறந்தநாள். ரகசிய ஏற்பாடு நடக்கிறது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சட்டையெல்லாம் வேண்டாம்னு சொல்லு" என்றார் பெருந்தன்மையோடு.

"என்ன சட்டை? மேனேஜர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதி கிளம்பறேன்."

"எங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே."

"கேட்டேன். ப்ரமோஷன், வெளியூர், ரெண்டு வருஷம்னு எல்லாம் சொன்னேன். டிவி சத்தம்கூட இல்ல, நல்ல நேரம்னுதான் கேட்டேன். எதுக்கு யோசிக்கறன்னு நீங்கதான் சொன்னீங்க."

இரண்டு வருஷம் இந்தச் சோபாவில் தனியாகவா? கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தும், டாக்டர் வாயில் வந்தது ஒன்றுதான்.

"அப்ப வாயை ஏன் பொத்திக்கிட்ட?"

"உதடு நடுங்குச்சு. நீங்க பாத்துடுவீங்களோன்னுதான்."

திரையில் எவனோ கோல் போட்டான்.

சிரித்தீர்களா? நல்லது. நீங்கள் இதை வாசிக்கத் தொடங்கிய பிறகு, பக்கத்திலிருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்களும் "உம்" என்றீர்கள். எதற்குச் சம்மதித்தீர்கள் என்று, மெதுவாகப் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.