பெண் பார்க்க வந்தவர்கள் யார் யார் என்று மச்சானுக்கு ஒரு விளக்கம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். உங்கள் ரத்தக் கொதிப்பும் அடங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் கேட்டபோது அது அவ்வளவாக அடங்கியதாகத் தெரியவில்லை. "நான் பார்த்து அனுப்பின மாப்பிள்ளை வீட்டார்கிட்டயே மாசம் எவ்வளவு தருவீங்கன்னு கேட்டீங்களாமே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. உங்கள் தங்கைதான், "எழுதிப் போடுங்க. எழுத்துன்னா அண்ணனால நடுவுல பூந்து பேச முடியாது" என்றாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு கெஞ்சலும் உண்டு. அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் 'பொண்ணைப் பார்க்க வர்றோம்' என்ற மூன்று வார்த்தை. பெரியவளுக்கு ஓர் இடம் பார்த்திருப்பதாகவும், அவர்கள் வாரக் கடைசியில் வருவார்கள், வருமுன் போன் செய்வார்கள் என்றும் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை நான் கடையில் ஒரு வாத்தியாருடைய மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. போன் வந்தது. ஓர் அம்மாளின் குரல். எங்கிருந்து பேசுகிறார் என்று ஏதோ சொன்னார், அதை மெஷின் விழுங்கிவிட்டது. "நாளைக்கு உங்க பொண்ணைப் பார்க்க வர்றோம், வீட்டுல இருப்பீங்களா?" என்றது மட்டும் என் காதுக்கு வந்து சேர்ந்தது. "தாராளமா வாங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றேன். அந்தம்மாள் கொஞ்சம் திகைத்த மாதிரிதான் இருந்தது. நல்ல இடம், கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் தங்கை வீட்டைப் பெருக்க ஆரம்பித்தாள். நான் வீட்டை ஒளிக்க ஆரம்பித்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, பெரியவள் மெக்கானிக் டிப்ளமோ முடித்ததிலிருந்து எங்கள் வாசலில் செருப்பைவிட ஸ்கூட்டர்கள் அதிகம். தெருவில் யாருடைய வண்டி இருமினாலும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சோபாவுக்குப் பின்னால் இரண்டு டயர், துணி அலமாரியில் ஒரு கார்புரேட்டர், குளியலறை வாளியில் மண்ணெண்ணெயில் ஊறுகிற செயின் என்று எல்லாவற்றையும் கண்மறைவாகத் தள்ளினேன். பெரியவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாள் மட்டும் கையைச் சுத்தமா வச்சுக்கம்மா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றேன். அவள் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள், தோள்பையோடு ஓர் ஒல்லி மனிதர். மாப்பிள்ளைக்கு அக்கா, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று நானே உறவு கட்டிக்கொண்டேன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக அந்தம்மாள், "உங்க பொண்ணுக்கு வண்டி வேலையில ரொம்ப ஆர்வமாமே?" என்று கேட்டார். எவனோ தெருக்காரன் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று எனக்குப் பகீரென்றது. "சேச்சே, யாருங்க சொன்னது? எங்க பொண்ணு ஸ்பேனரைக் கையால தொட்டதில்லீங்க. வண்டின்னா பின்னால உக்காந்து போறதோட சரி. அதுவும் கண்ணை மூடிக்கிட்டு" என்றேன். அந்தம்மாளும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் பெரியவள் தேநீர்த் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள்.

மச்சான், முழங்கை வரைக்கும் கிரீஸ். கோப்பை ஒவ்வொன்றிலும் கறுப்பாகக் கட்டைவிரல் அச்சு. வந்தவர்களை ஓட வைப்பதற்காகவே செய்திருக்கிறாள். அவளும் இவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்றுதான் நினைத்தாள். அந்தம்மாள் அந்தக் கையையே பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். "பக்கத்து வீட்டு வண்டிக்குக் கிளட்ச் கேபிள் மாத்திட்டு இருந்தேன். வேலையைப் பாதியில விட்டா எனக்குப் பிடிக்காது" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். நான் இருமினேன். "பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் ஆடுச்சுன்னா எதை முதல்ல பார்ப்பே?" என்று அந்தம்மாள் கேட்க, "முன் டிஸ்க் வளைஞ்சிருக்கான்னு பார்ப்பேன். அது சரியா இருந்தா கழுத்து பேரிங் தளர்ந்திருக்கும்" என்று இவள் சொல்ல, "சும்மா வேடிக்கைக்குச் சொல்றாளுங்க, எங்கேயோ புத்தகத்துல படிச்சது" என்று நான் நடுவில் விழுந்தேன். "வெளியூர்ல தங்கணுமே?" "தங்குவேன்." "ஆம்பளைங்க நூறு பேர் இருக்கற ஷெட்ல நீ ஒருத்திதான் பொண்ணுன்னா?" "அவங்களுக்குத்தான் கூச்சமா இருக்கும்." இதற்குள் கை கழுவப் போன சித்தப்பா, வாளியில் ஊறிய செயினைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். இதெல்லாம் போதாதென்று அந்தம்மாள் என்னிடம் திரும்பி, "ரெண்டு வருஷம் உங்க பொண்ணு எங்க பொறுப்பு. அதுக்கப்புறம் வேற நல்ல இடமாப் பார்த்துச் சேர்த்து விட்டுடுவோம்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. "ரெண்டு வருஷம்தானா? அப்புறம் வேற இடமா?" என்று நாக்கு குழறக் கேட்டேன். "ஆமாங்க. இந்த வருஷம் பதினஞ்சு பொண்ணுங்களை எடுக்கறோமே" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "உங்க பையன் ஒருத்தனுக்கா?" என்று கத்தினேன். அந்தம்மாளும் எழுந்து நின்றார். "என் பையனா? அவன் ஏழாவது படிக்கிறானுங்க!"

பிறகுதான் விஷயம் விளங்கியது. வாகனத் தொழிலுக்குப் படிக்கப் போகிற பெண்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அறக்கட்டளையாம். வெளியூர்க் கல்லூரியில் இரண்டு வருஷப் படிப்பு. கட்டணம், விடுதி, சாப்பாடு, கருவிப்பெட்டி எல்லாம் அவர்கள் செலவு. முடித்ததும் நல்ல வேலையிலும் சேர்த்து விடுவார்களாம். பெரியவள் எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறாள். உங்கள் தங்கைக்குத் தெரிந்தே விண்ணப்பித்திருக்கிறாள், அது வேறு கதை. இது கிடைக்காவிட்டால் என் கடையையும் என்னையும் சேர்த்து விற்றாலும் அவளால் அந்தக் கல்லூரியின் கேட்டைத்தான் பார்க்க முடியும். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க, வந்தவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று உங்கள் தங்கை அவர்கள் எதிரிலேயே கேட்டாள். அந்தம்மாள் சிரிக்கவில்லை. "பொண்ணைப் பத்திச் சந்தேகமே இல்லீங்க. நீங்க சொன்னதுதான் இடிக்குது. வீட்டுல விருப்பம் இல்லாத பொண்ணுங்களைப் பாதியில நிறுத்திக் கூட்டிட்டுப் போயிடறாங்க. அப்பா மனசார ஒத்துக்கலைன்னா நாங்க எடுக்கறதில்லை. எங்க தலைவர் நாளைக்கு இந்தப் பக்கம் வருவார். அவர்கிட்ட நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் என்னோடு சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சோபாவுக்குப் பின்னாலிருந்த டயர்களைத் தானே எடுத்துப்போய் வாசலில் வைத்தாள். துணிகளுக்கு நடுவிலிருந்து கார்புரேட்டரை எடுத்து, அதில் ஒட்டியிருந்த நூலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், தலைவர் வரட்டும், ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை காய்கறி வாங்கப் போயிருந்தாள். பெரியவள் தெருமுனையில் யாருடைய வண்டிக்கோ அடியில் இருந்தாள். மீசை வைத்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வாசலில் வந்து நின்று, "பொண்ணைப் பார்க்க வந்திருக்கோம்" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் போன் செய்துவிட்டுத்தான் வருவார்கள் என்று நீங்கள் சொன்னீர்களா இல்லையா? போன் வரவில்லை. ஆகவே இவர்தான் தலைவர். என் கணக்கில் தப்பு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.

உட்கார வைத்த நிமிஷத்திலிருந்து நான் நிறுத்தவில்லை. "பொண்ணு என்ன பண்ணுது?" என்று அவர் கேட்டார். "எஞ்சினைக் கழட்டித் தரையில பரப்பிட்டு மறுபடி மாட்டும், ஒரு போல்ட்டு மிஞ்சாதுங்க" என்றேன். "வீட்டு வேலை?" என்று அந்தம்மாள் கேட்க, "தண்ணி மோட்டார், மின்விசிறி எல்லாம் அவதான் பார்க்கிறா, நான் ஒரு பல்பு மாட்டினதில்லை" என்றேன். எட்டு வயதில் என் கடை மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதுல பெல்ட்டு தேஞ்சிருக்கு" என்று சொன்னதைச் சொன்னேன். ஒரு தடவை ஜாக்கி சறுக்கி விரல் நசுங்கியும் அழாமல், கட்டுப் போட்ட கையோடு அந்த வண்டியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள் என்று சொன்னேன். "இவளை வீட்டுல அடைச்சு வச்சா அது பாவங்க. எனக்கு முழு சம்மதம். நான் நேத்து சொன்னதெல்லாம் பொய்யி" என்றேன். அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய மனிதர்கள், உணர்ச்சியைக் காட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் நீங்கள் கேள்விப்பட்டது வந்தது. "நீங்க மாசாமாசம் தருவீங்களா, மொத்தமாத் தருவீங்களா?" என்று கேட்டேன். "நாங்க தரணுமா?" என்றார் பெரியவர். "பின்னே நானா தரணும்? நீங்க தர்றதுனாலதானே பொண்ணையே அனுப்பறேன்! இதுவரைக்கும் எத்தனை பொண்ணுங்களைப் பார்த்தீங்க?" "நாலஞ்சு" என்றார் அந்தம்மாள். "அவ்வளவுதானா? பதினஞ்சு பேரை எடுக்கப் போறதாச் சொன்னாங்களே! ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ரெண்டு வருஷம் முடிஞ்சதும் இவளை வேற நல்ல இடத்துல சேர்த்து விட்டுடணும், பேச்சு மாறக் கூடாது." அந்தம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "உங்க மச்சான் நல்ல குடும்பம்னு சொன்னாரு" என்று வாசற்படியில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். உங்கள் பெயரைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. தெருவில் பாதி தூரம் துரத்திக்கொண்டு ஓடினேன். அவர்கள் என்னைவிட வேகமாக ஓடினார்கள்.

தலைவர் என்னவோ கடைசிவரை வரவே இல்லை. இன்று புதன்கிழமை, போனும் இல்லை. சனிக்கிழமை நான் வாயைக் கொடுத்ததில் உதவித்தொகை போயிற்று, ஞாயிற்றுக்கிழமை வாயைக் கொடுத்ததில் மாப்பிள்ளை போனான். ஆனால் மச்சான், மறைக்காமல் சொல்கிறேன். சனிக்கிழமை அவளைப் பற்றிப் பொய் சொன்னபோது ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மடை திறந்த மாதிரி வந்தது. என் பெண்ணைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பெருமையாக இருந்தது. ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு கல்லூரியில் சேர்க்க முடியுமா? ஆகவே என் கெஞ்சல் இதுதான். நீங்கள் நேரில் போய் அந்தப் பெரியவர்கள் கையைப் பிடித்து, அந்த ஆளுக்குக் கொஞ்சம் மூளைச் சூடு, பெண் தங்கம் என்று சொல்லி, இன்னொரு தரம் வரச் செய்ய வேண்டும். இந்தத் தடவை நான் வீட்டில் இருக்க மாட்டேன். வண்டிகளையும் கருவிகளையும் எங்காவது கொடுத்துவிடுகிறேன். பெரியவளை எப்படியாவது சம்மதிக்க வைக்கிறேன். சீர் என்று அவர்கள் பிறகு என்ன கேட்டாலும் தலையாட்டுகிறேன்.

உங்கள் கோபம் தணிந்து, வியாபாரம் பெருகி, அக்காவின் மூட்டுவலி விலகி, பிள்ளைகள் உங்களைப் போல் கெட்டிக்காரர்களாகவும் உங்களைவிடப் பொறுமைசாலிகளாகவும் வளர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கடைக்குப் போன் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன். அதே குட்டை முடி அம்மாள். அவர்கள் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார், மச்சான்! உள்ளே விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று வாசலிலேயே நின்று நான் பேசியதையெல்லாம் முதலிலிருந்து கேட்டிருக்கிறார். "முன்பின் தெரியாதவங்ககிட்டயே பொண்ணைப் பத்தி இவ்வளவு பேசற அப்பாவை நான் பார்த்ததில்லை, இனி விசாரிக்க என்ன இருக்கு?" என்று நினைத்து, விருந்தாளிகள் வெளியே வருமுன்பே திரும்பிப் போய் இந்த அம்மாளிடம் சொன்னாராம். பெரியவளுக்குக் கிடைத்துவிட்டது. அனுப்ப இஷ்டமா என்று கேட்டார்கள். உங்கள் தங்கையைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கவில்லை, அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். விரல் நசுங்கியபோது அழாத பெண், கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா கோவிச்சுக்க மாட்டாராப்பா?" என்று கேட்டாள். "மாமாவுக்கு எல்லாத்தையும் விளக்கமா எழுதிட்டேம்மா" என்றேன். ஆகவே அந்தப் பெரியவர்களிடம் நீங்கள் போக வேண்டாம். நான் அவர்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தையையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அடுத்த திங்கட்கிழமை இவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விட வேண்டும். சாமான் நிறைய இருக்கிறது. கோபத்தோடு வந்தாலும் சரி, உங்கள் வேனோடு வாருங்கள். அது பாதி வழியில் நின்றுவிடும் என்று அக்கா சொல்லுவார். நிற்கட்டும். நீங்கள் இறங்க வேண்டாம், அவள் இறங்கிப் பார்த்துக்கொள்வாள்.