கீழ்வரிசை மாணவன்

ஐந்து மாணவர்களில் நான்கு பேர், டாக்டர் முதல் பல்லைப் பிடுங்கிக் காட்டியபோதே சுவரேறிக் குதித்துப் போய்விட்டார்கள். டாக்டர் ஆத்மநாதனுக்கு மிஞ்சியவன் திருமயத்துச் சந்தனம் ஒருவன்தான். அவனும் இப்போது முரண்டு பிடித்தான்.

"கீழ்வரிசைப் பல்லு மட்டும் சொல்லிக் குடுங்கய்யா. மேல்வரிசை நமக்கு எதுக்கு?"

"பல் டாக்டராப் போறவன் பாதி வாய்தான் படிப்பானாடா?"

"அப்ப நான் ஊருக்குப் போறேங்க."

டாக்டர் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். காரணம் இருந்தது. 1939-இல் புதுக்கோட்டையில், கல்கத்தா வரை போய்ப் பல் வைத்தியம் படித்து வந்தவர் தாம் ஒருவரே என்று அவரே எல்லோரிடமும் சொல்லி வந்தார். அதை நம்பியவர் அரிசி மில் முதலாளி சேவுகன் மட்டும்தான். ஆசையுள்ள பையன்களைப் பழக்கி, ஒருவனாவது தம் கண்ணெதிரே ஒரு வாயைச் சோதித்துக் காட்டினால், 'ஆத்மநாதன் பல் வைத்தியப் பள்ளி' என்று கல்லில் வெட்டிக் கட்டடமே கட்டித் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். டாக்டர் மனசுக்குள் அந்தக் கல்லுக்கு மாலைகூடப் போட்டாகிவிட்டது.

"சரிடா, கீழ்வரிசையே படி" என்றார்.

படித்தான். பல் எப்படித் தேயும், எத்தனை வயதில் எவ்வளவு தேயும் என்று குடைந்து குடைந்து கேட்டான். இப்படியொரு ஞானப்பசியைக் கல்கத்தாவிலேயே பார்த்ததில்லை என்று டாக்டர் பூரித்துப்போனார்.

மறுநாள் உண்ணாமலை அம்மாள் பல்வலியோடு வந்தாள். சந்தனம் அவள் கீழுதட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான்.

"வயசு அம்பத்தி நாலுங்க."

நாற்பது என்று மருமகளிடம் சாதித்து வந்தவள் அவள். மருமகளும் கூடவே நின்றாள்.

"நாசமாப் போறவனே! பல்லப் பாக்கச் சொன்னா சாதகமா பாக்குற?" என்று வலித்த பல்லோடு கிளம்பிவிட்டாள்.

"இனி வாயால வயசு சொல்லாதே. தெரிஞ்சதை சிலேட்டில எழுது" என்று டாக்டர் உத்தரவு போட்டார்.

எழுதினான். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் பெருமைகொண்ட கம்பவுண்டர் அய்யாக்கண்ணு, அதைத் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர் ஒருவர், பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், "அறுபத்தி ஒண்ணு" என்று கேட்டதும் மேல்துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அதன்பிறகு அந்த வாசலைக் கடந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டே கடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுவதற்கு ஒரு வாய்கூட இல்லை.

"அய்யாக்கண்ணு, நீராவது உட்காரும்!"

"எனக்கு வீட்ல பொஞ்சாதி இருக்குங்க. மன்னிச்சுக்கங்க" என்று கம்பவுண்டர் மருந்து அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

முதலாளியின் கார் வந்து நின்றது. கருகருவென்று மை பூசிய தலையோடு சேவுகன் இறங்கினார். பின்னால் குடையைத் தூக்கிக்கொண்டு ராசு வந்தார். ராசு மில்லில் மேஸ்திரி. அடுத்த முகூர்த்தத்தில் தம் மகளை முதலாளிக்கு மூன்றாந்தாரமாகக் கொடுக்க இருப்பவர். சம்மதித்தார் என்று சொல்வதைவிட, முதலாளியிடம் முடியாது என்று சொல்லத் தெரியாதவர் என்பதே சரி.

"நோயாளி எங்கே டாக்டர்?"

டாக்டர் வெறும் நாற்காலியைத் துடைத்தார்.

"இல்லேன்னா என்ன? நானே உட்கார்றேன். நாப்பத்திரண்டு வயசு வாயி எப்படி இருக்கும்னு நம்ம ராசுவும் பாக்கட்டும்!"

டாக்டருக்கு வியர்த்தது. முதலாளியின் மேல்வரிசை முழுதும் அவர் இரகசியமாகக் கட்டிக் கொடுத்தது. கட்டட வாக்கே அந்த நன்றியில் பிறந்ததுதான். சந்தனத்தின் காதருகே குனிந்தார்.

"மேல்வரிசையை மட்டும் பாருடா. நல்லாருக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துரு. ஒன் காலில வேணும்னாலும் விழுறேன்."

சந்தனம் தலையாட்டினான். பிறகு முதலாளியின் தாடையைப் பிடித்துத் தூக்கி, கீழுதட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். சிலேட்டைத் தேடவே இல்லை.

"அறுபத்தி மூணுங்க. ஒண்ணு ரெண்டு கூடலாம், கொறையாது."

"டேய்!" என்று சேவுகன் கத்தினார். அந்தக் கத்தலில் மேல்வரிசை முழுதும் கழன்று மடியில் விழுந்தது. அதை அள்ளிக்கொண்டு, பொக்கை வாயால் ஏதோ சபித்தபடி காருக்கு ஓடினார். குடையை மறந்துவிட்டார். குடை பிடித்தவரையும் மறந்துவிட்டார்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதேவிட்டார். கட்டடம் போயிற்று, கல் போயிற்று, பேர் போயிற்று.

"பாவி! தானம் குடுக்குற மனுசனையாடா பல்லப் பிடிச்சுப் பாப்பே? ஒன்னை எவன்டா எங்கிட்டப் படிக்க அனுப்புனது?"

மூலையில் நின்ற ராசு குடையை மெதுவாகச் சுருட்டினார்.

"நாந்தாங்க. சந்தையில மாட்டுக்குக் கீழ்வரிசைப் பல்லப் பிடிச்சு வயசு சொல்ற பய இவன். மனுசனுக்கும் பாக்கக் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்கப்பான்னு எம் மகதான் சொல்லுச்சு."