முன்பாய் வாங்கப்போகிறவர்

உலகத்தில் ஒரு பொருளை வாங்கியவர்கள் இருக்கிறார்கள்; வாங்க வசதியில்லாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கையில் வசதியும் வாயில் காரணமுமாக நிற்கிற மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்து மனிதருக்கு வாங்கப்போகிறவர் என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் பொருளை எடுத்துக் காட்டி, விளக்கி, துடைத்து, பெட்டியில் போட்டு மூடும் நேரத்தில் "இதுலயே வேற மாடல் வரப்போகுதாமே?" என்று கேட்பவர் அவர்தான். எந்தக் கடையிலும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒன்றை நான் இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறேன். என் தம்பி. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் குடும்பத்தில் அவனளவு படித்தவர்கள் யாரும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஒரு பொருள் வேண்டுமென்றால் கடைக்குப் போய் அதை வாங்கிவரத்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள் இத்தனை இருக்கின்றன என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவனிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருக்கிறது. உள்ளே நாலு பேர் ஒருவர் முழங்காலை ஒருவர் இடித்துக்கொண்டு படுக்கலாம். பாய்மரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாய், முன்னால் முக்கோணமாக ஒரு முன்பாய். குளிர்காலம் முடிந்து படகின் உறையைப் பிரித்தபோது முன்பாயின் ஓரம் தையல் விட்டுக் கிழிந்திருந்தது. பல வருஷ வெயிலில் நூல் இற்றுப்போயிருந்தது.

அந்த வருஷக் கோடை சாதாரணக் கோடை இல்லை. அது முடிந்ததும் அவன் மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். கரையிலிருந்து பார்த்தால் எதிரே தெரிகிற தீவுக்கு நம் படகிலேயே போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவோம் என்று, அவள் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு வருஷம் அவனுக்கு வேலை, ஒரு வருஷம் அவளுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் மழை. "நான் கிளம்பறதுக்குள்ள போயிடலாம்லப்பா?" என்று கேட்டாள். புதுப் பாய் வந்த மறுநாளே கிளம்புகிறோம் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னான்.

பிறகு பாய் வாங்கப்போனான்.

நீங்களும் நானும் பாய் என்றால் துணி, துணி என்றால் அளவு, தீர்ந்தது என்று நினைப்போம். என் தம்பிக்கு அப்படியில்லை. முன்பாய் பாய்மரத்தோடு நிற்க வேண்டுமா, அதைத் தாண்டிப் பின்னால் வரவேண்டுமா, வந்தால் எவ்வளவு. சாதாரண நெசவுத் துணியா, அடுக்கடுக்காக ஒட்டிய துணியா. துண்டுகளைக் குறுக்கே வைத்துத் தைப்பதா, மூலையிலிருந்து விசிறி மாதிரி விரித்துத் தைப்பதா. சுருட்டி வைக்கும்போது வெயில் படுகிற ஓரத்துக்கு நீலப் பட்டியா, சாம்பல் பட்டியா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்சி உண்டு, இரண்டு கட்சிக்கும் இணையத்தில் வக்கீல்கள் உண்டு, அந்த வக்கீல்கள் அத்தனை பேருடைய வாதத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை ஒத்திவைக்கிற நீதிபதி என் தம்பி. அவன் ஒத்திவைக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே.

பாய் தைப்பவர் பட்டறைக்குப் போகும்போது ஒருமுறை என்னையும் கூட்டிப்போனான். படகு எங்கெங்கே போகும் என்று அவர் கேட்டார். அந்தப் படகு அதுவரை துறைமுகத்து வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியிருக்கிறது. என் தம்பி யோசித்தான். "இப்போதைக்கு எதிர்த் தீவுதான். ஆனா நாளைக்கே பெருங்கடலைத் தாண்டணும்னு தோணிச்சுன்னா?" என்றான். அவர் விளையாட்டா வினையா என்று அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வீடு துணிக்கடை ஆயிற்று. எந்தெந்த ஊர்ப் பாய்க்காரர்களிடமிருந்தோ மாதிரித் துண்டுகள் தபாலில் வந்தன. கொடியில் சட்டைகளுக்கு நடுவே சில துண்டுகள் வெயிலில் காய்ந்தன. சமையலறையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில், உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில்களில் சில துண்டுகள் ஊறின. அவன் மனைவி ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே, "என்னை முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க தம்பி எத்தனை பேரோட ஒப்பிட்டுப் பார்த்தார் அண்ணி?" என்று கேட்டாள். அந்த முடிவை எடுத்தது அவனில்லை, நான்தான் என்பதை இத்தனை வருஷம் கழித்து எதற்குச் சொல்வது?

படகில் இருக்கிற சின்ன இன்ஜினைப் போட்டுக்கொண்டு தீவுக்குப் போய்வந்துவிடலாமே என்றும் அவள் சொல்லிப் பார்த்தாள். படகைத் தலையில் தூக்கிக்கொண்டு போகச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தான். சரியான முன்பாய் கிடைக்கிற நேரத்தில் இப்படியெல்லாம் பேசலாமா? சரியான முன்பாய் அந்தக் கோடை முழுக்கவும் கிடைக்கிற நேரத்திலேயே இருந்தது.

மகள் பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். அப்போது அம்மாவும் மகளும் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். பழைய பாயின் கிழிசலை மட்டும் தைத்துக்கொண்டால் ஒரு தீவுக்குப் போய்வரத் தாங்காதா? தாராளமாகத் தாங்கும், ஒரே நாளில் தைத்துத் தருகிறேன் என்று பாய் தைப்பவரும் போனில் சொல்லிவிட்டார். தம்பி வேலைக்குப் போன நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் பாய்ப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனோம். மகள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தீவில் நங்கூரம் போட்டதும் முதலில் தண்ணீரில் குதிப்பது தான்தான் என்றாள்.

அவர் பாயைத் தரையில் விரித்தார். கிழிந்த ஓரத்தைப் பார்த்து, இது ஒன்றுமில்லை என்றார். இன்னும் விரித்தார். குனிந்து பார்த்தார்.

"கிழிசலைத் தைச்சிடலாம்மா. இந்த ஜன்னலையெல்லாம் என்ன பண்றது?"

பாயின் நடுவில், கீழே, மேலே, மூன்று மூலையிலும், கெட்டியாக இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகத் துணி வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. நான் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். அளவுகோல் வைத்து வெட்டியிருந்தான். ஒரு கோடு கோணவில்லை. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்வான் என் தம்பி.

சாயங்காலம் கேட்டபோது அவனுக்கு எங்கள் கேள்வியே புரியவில்லை. "பழசு எங்கெங்க எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு தெரியாம, புதுசை எதோடக்கா ஒப்பிடறது?" என்று என்னிடம் கேட்டான். பாட்டில்களில் பாதி எங்கள் பழைய பாய்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மனைவி வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்.

"சரிப்பா. விடுங்க."

அவள் சண்டை போட்டிருந்தால் அவனும் சண்டை போட்டுச் சமாளித்திருப்பான். அவள் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் பட்டறை திறக்கும் முன்பே போய் நின்று பாய்க்குச் சொல்லிவிட்டான். ஆமாம், சொல்லியேவிட்டான். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பட்டியின் நிறத்தைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம் கேட்கத் திரும்பிப் போனான் என்பது வேறு விஷயம். ஆனால் கோடையில் எல்லாரும் பாய் தைக்கக் கொடுக்கிறார்கள். இவனுக்கு முன்னால் வரிசை நின்றது.

ரயிலடியில் அவளுடைய பெட்டிகளை வேறு யாரையும் தொடவிடாமல் அவனே ஏற்றினான். அவள் ஜன்னலிலிருந்து எல்லாருக்கும் கையாட்டினாள். தீவைப் பற்றி யாரும் பேசவில்லை.

இலைகள் உதிர ஆரம்பித்த பிறகு பாய் வந்தது. பொய் சொல்லக்கூடாது, அருமையான பாய். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. காற்று பட்டதும் படகு அதட்டல் கேட்ட குதிரை மாதிரி கிளம்பியது. அவனும் மனைவியும் நானும் தீவுக்கே போய், நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீரில் யாரும் குதிக்கவில்லை. குளிர் வேறு. அப்போது மகள் போன் செய்தாள். எங்கே இருக்கிறோம் என்று சொன்னோம். பிறகு, "புதுப் பாய் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

என் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இப்போதாவது சொல்லவேண்டியதைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். பாயை அண்ணாந்து பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்த ஒட்டின துணியையே எடுத்திருக்கலாமோன்னு..."

அவன் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

உங்களிடம் படகு இல்லை; ஆகவே இது உங்களைப் பற்றியது இல்லை என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது? மாற்றவேண்டும் என்று தெரியாமலா இருக்கிறீர்கள்? எந்தக் குழாய் நல்லது என்றுதான் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதானே? நானும் இந்த இனமோ என்று ஒரு கேள்வி இப்போது உங்களுக்கு வந்திருக்கும். ஆமாம் என்றோ இல்லை என்றோ பட்டென்று சொல்ல முடிந்தால் தப்பித்தீர்கள். இன்னும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றினால், தாராளமாகக் கேளுங்கள். ஒருவர் என் தம்பியாக இருக்கட்டும். அவன் நன்றாக யோசித்துச் சொல்வான்.