பெட்டி பாஸ், பொண்ணு ஃபெயில்

மார்கழி மாசத்துத் தர்மபுரியில் இட்லி மாவு லேசில் பொங்காது. அந்தக் குளிரோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவள் நான். ஜெயித்ததுதான் வினையாகிவிட்டது.

எண்பதுகளில் டவுனில் ஜுபைதா அக்கா நடத்திய லேபில் எனக்கு வேலை. இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். (லேப் டெக்னீஷியன் என்று ஊரில் அளப்பேன். பாதி நாள் கண்ணாடிக் குழாய் கழுவுவதுதான்.) கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் அப்போது சேலத்துக்கு அனுப்ப வேண்டும். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. தானே ஒரு இன்குபேட்டர் செய்துவிட்டார்!

பழைய ஐஸ் வண்டிப் பெட்டி, உள்ளே சுற்றிலும் தெர்மோகோல், ஒரு பல்பு. கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையிலிருந்து வாங்கிவந்த சின்னக் கருவி ஒன்று, சூடு ஏறினால் பல்பை அணைக்கும், இறங்கினால் போடும். உள்ளே எப்போதும் மனுஷ உடம்புச் சூடு. நோன்பு மாசத்தில் இனிப்பு செய்வார்களே, அந்தக் கடல்பாசியைக் கறிச்சாற்றில் காய்ச்சித் தட்டில் உறையவைப்பார். கிருமி என்பது ஒரே ஒரு செல், ஒண்டிக்கட்டை, கண்ணுக்கே தெரியாது. தட்டில் தடவிப் பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் குடும்பம் குட்டியோடு புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். என்ன மூளை அந்த மனுஷிக்கு!

டவுனின் பெரிய டாக்டர் ஒருவர் மட்டும் நம்பவில்லை.

"ஐஸ் பொட்டியில கிருமி வளக்கறீங்களா?" என்று சிரித்தார். பிறகு ஒரு நோயாளியின் சீழை இரண்டாகப் பிரித்து, ஒன்றை சேலத்துக்கு அனுப்பி, இன்னொன்றை எங்களிடம் கொடுத்தார். இரண்டு முடிவும் ஒத்துப்போனால் இனி அவருடைய கேஸெல்லாம் எங்களுக்கு. இல்லாவிட்டால் அக்கா உயிரைக் கொடுத்துச் செய்த பெட்டி மறுபடி ஐஸ் விற்கப் போகவேண்டியதுதான்.

முடிவைப் பார்க்க இரண்டு நாள் கழித்துக் காலையில் டாக்டர் நேரில் வருவதாக ஏற்பாடு. வருகிற மனுஷருக்குப் பூப்போல நாலு இட்லி கொடுக்காமல் அனுப்பலாமா? அதற்கு முந்தின நாளே வீட்டில் மாவு ஆட்டி, மூடிபோட்ட தூக்குபோசியில் லேபுக்குக் கொண்டுவந்திருந்தேன். சாயங்காலம் வரை அது அசையவே இல்லை. எதிரில் பார்த்தால் உடம்புச் சூட்டில் பெட்டி. (என் மூளையும் வேலை செய்த நாள் அது.) அக்காவுக்குத் தெரியாமல் மேல்தட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

காலையில் டாக்டர் குனிந்து பெட்டிக் கதவைத் திறந்தார். பொத்தென்று அவர் மூக்குக்கண்ணாடியில் ஏதோ விழுந்தது. கீழ்த்தட்டிலிருந்த சோதனைத் தட்டுகளைக் காணோம். எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று நுரை!

"என்னம்மா வளந்திருக்குது இதுல?"

"மாவுங்க சார்," என்றேன்.

"அடிப்பாவி! உங்க வூட்டுல அடுப்பே இல்லியா?" என்று அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெரிய பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் தைரியமாகப் பேசுகிற அக்காவின் கண்ணில் தண்ணீர். எனக்கு அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். மாவுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த தெர்மாமீட்டரை எட்டிப் பார்த்தார். சூடு கொஞ்சமும் நகரவில்லை. மாவை விரலால் தொட்டு மோந்தார்.

"எங்க வூட்டு மாவு மூணு நாளா அப்படியே கல்லாட்டம் கெடக்குதுங்க," என்றார் அக்காவிடம். "பொட்டி பாஸ். பொண்ணு ஃபெயில். கழுவிட்டு மறுபடி வைங்க, வேற சாம்பிள் அனுப்பறேன்."

ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கை வெந்துபோனது. இரண்டாம் தடவை முடிவு சேலத்தோடு ஒத்துப்போனது. பெட்டி பிழைத்தது, அக்கா புண்ணியத்தில் நானும் பிழைத்தேன்.

இப்போது என் மகள் பெங்களூரில் செல் ஆராய்ச்சி செய்கிறாள். செல்களை ஒளிக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு இனம் பிரிக்கும் மெஷினையெல்லாம் காட்டினாள். பிரமித்துப் போனேன். அடுத்து இன்குபேட்டர் அறை. ஆசையாகக் கதவுப்பக்கம் போனேன்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்று தடுத்து, என் கைப்பையை வாங்கி ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.