அப்பிள் பையோடு லிப்டில் ஏறியவன்

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கழுவுவது என் வேலை. அநேகமாகத் தினமும் அதற்குள் ஓர் அப்பிள் கிடக்கும். ஒரேயொரு கடி. கடித்த இடம் மண்ணிறமாகியிருக்கும். "ஏன் மகள் சாப்பிடேல்ல?" என்று கேட்டால், "போரிங் அப்பா" என்பாள். அந்த மிச்சத்தைத் தின்று தீர்ப்பதும் என் வேலைதான். (மனைவியைக் கேட்டால், எனக்கு வாழ்க்கையில் எல்லாமே அலுப்பு என்பாள். நான் அதை மறுப்பதில்லை. மறுக்கவும் அலுப்பாக இருக்கிறது.)

ஒரு காலத்தில் அப்பிள் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று மகளுக்கு விளங்கப்படுத்த நான் முயல்வதில்லை. வாயைத் திறந்தால், "லிப்ட் கதைதானே?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அவளே சொல்லி முடித்துவிடுவாள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அவமானப்பட்ட நான் மட்டும் இன்னும் முழுதாகச் சொன்னதில்லை. யாராவது நடுவில் புகுந்து சிரித்துவிடுகிறார்கள். எழுதினால் நடுவில் புக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் கிளார்க். எங்கள் ஒழுங்கையில் அப்பிள் என்பது வீட்டுக்கு வாங்கும் பழமல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பழம். யாராவது வார்ட்டில் படுத்தால் அப்பிள், கறுப்புத் திராட்சை, ஒரு மோல்ட் சத்துமா டின், ஒரு கிரீம் கிரேக்கர் பிஸ்கட் பக்கற் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பார்க்கப் போவார்கள். கல்லுப் போல சுகமாக இருக்கிற ஒருவனுக்கு அப்பிள் வாங்கிக் கொடுத்ததாக எங்கள் பக்கம் சரித்திரமே இல்லை. ஒருமுறை சேவியர் மாமாவுக்கு ஹேர்னியா ஒப்பரேசன் நடந்தது. அவர் தின்று முடிக்காத அப்பிள்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. மாமாவின் மற்றப் பக்கத்துக்கும் ஹேர்னியா வரவேண்டும் என்று நானும் தம்பியும் அந்த வாரம் முழுக்க மாதாவிடம் மன்றாடினோம்.

ஒழுங்கான மூளை உள்ள பிள்ளை, அது நோயாளிகளின் பழம் என்று விளங்கிக்கொண்டிருக்கும். என் மூளை வேறு விதமாகக் கணக்குப் போட்டது. உலகத்திலேயே உயர்ந்த பொருள் என்பதால்தான் சாகக் கிடக்கிறவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டியது. அந்த முடிவோடேயே நான் வளர்ந்து, மீசை வைத்து, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன்.

அங்கே எனக்கு அடுத்த மேசை தர்சினியுடையது. அவள் வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். நானோ கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன், ஞாயிறு பூசை முடிந்தால் மாட்டிறைச்சி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவளுடைய அப்பா சற்குணநாதன் இளைப்பாறிய பொறியியலாளர். தினமும் விடிய மரைன் டிரைவில் நடப்பவர். வாழ்க்கையில் ஒரு குளிசைகூட விழுங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. எங்கள் காதல் விசயம் தெரிந்து நெடுநாள் மகளோடு பேசாமல் இருந்தவர், ஒருநாள் திடீரென்று இறங்கி வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெடியனை வரச் சொல்லு. முகத்தைப் பார்த்து ஒருக்காக் கதைக்கிறன். அதோட என்ர முடிவைச் சொல்லுவன். பிறகு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கக் கூடாது."

தர்சினி எனக்கு ஒரு கட்டளைதான் போட்டாள். அவர்களுடைய தொடர்மாடியில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஊர்க்காரர். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். "நீங்கள் ஆர், ஏன் வந்தனீங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சனம் கதைக்கத் தொடங்கினா அப்பா ரோசத்துக்கே மாட்டன் எண்டுடுவார்."

வெறுங்கையோடு போகாதே என்றார் அம்மா. கேக்கில் முட்டை இருக்கும். இனிப்பு, வயதானவர்களுக்கு ஆகாது. பூங்கொத்தோடு போனால் தகப்பனையே காதலிப்பது போல இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. நேரே புறக்கோட்டைக்குப் போனேன். பழக்கடைக்காரர் ஒவ்வோர் அப்பிளாகச் சட்டையில் துடைத்து வைத்தபடி, "லெடெக் பலண்ட யனவாத மல்லி?" என்று கேட்டார். நோயாளியைப் பார்க்கவா போகிறாய் தம்பி என்று அர்த்தம். இல்லை, கல்யாணப் பேச்சுக்கு என்று நான் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, கறுப்புத் திராட்சையும் போடட்டுமா என்று கேட்டார். போடச் சொன்னேன். பக்கத்துக் கடையில் மோல்ட் டின்னும் வாங்கினேன். (கிரீம் கிரேக்கரும் வாங்கினேன். அதை இப்போதும் வெளியில் சொல்வதில்லை.)

தொடர்மாடிக்குள் நுழைந்து லிப்டில் ஏறியதும் என் பின்னாலேயே ஒரு அன்ரியும் ஏறினார். பெயர் பரமேசு அன்ரி என்பது பிறகுதான் தெரியும். அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"எத்தினையாம் மாடி தம்பி?"

"அஞ்சு."

"அஞ்சில ஆருக்குச் சுகமில்லை?"

ஒருவருக்கும் இல்லை என்றால், பிறகு ஏன் வந்தாய் என்று கேட்பார். நான் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"எங்கட சற்குணண்ணைக்கோ?"

அந்தப் பெயரைக் கேட்டதும் வருங்கால மாமனாரின் பெயர் என்ற வெட்கத்தில் நான் தலையைக் குனிந்தேன். மாப்பிள்ளைக் களையோடு குனிந்ததாகத்தான் என் நினைப்பு. அன்ரி நெஞ்சில் கையை வைத்தார். "முருகா, அவ்வளவுக்கோ" என்றார். ஏழாம் மாடிக்குப் பொத்தானை அமத்தியிருந்தவர் மூன்றாம் மாடியிலேயே அவசரமாக இறங்கிப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, தப்பித்தேன் என்று மட்டும் நினைத்தேன்.

சற்குணநாதன் ஐயா வேட்டி கட்டி, விபூதி பூசி, வாசலுக்கு நேரே கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் பையை அவருக்கு முன்னாலிருந்த சின்ன ரீப்போ மேசையில் வைத்தேன். அவர் அதை ஒருமுறை பார்த்தார்.

"இது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் அங்கிள்."

"எனக்கென்ன?"

நான் பையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவரும் விட்டுவிட்டார். வேலை, சம்பளம், அப்பா அம்மா எல்லாம் ஒழுங்காகப் போயின. குசினி வாசலில் தர்சினியின் நிழல் அசையாமல் நின்றது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி. இப்ப முக்கியமான விசயத்துக்கு வருவம். நாளைக்குப் பிள்ளையள் பிறந்தா, கோயிலோ சேர்ச்சோ?"

இந்தக் கேள்விக்காக நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று பல நாட்கள் பதில் பாடமாக்கியிருந்தேன். வாயைத் திறந்தேன். அழைப்பு மணி அடித்தது.

பரமேசு அன்ரி நின்றார். கையில் ஒரு பை. அதற்குள் அப்பிள், திராட்சை, மோல்ட். பின்னால் மூன்றாம் மாடித் தம்பதிகள், அவர்களிடமும் ஒரு பை. "அண்ணை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று அன்ரி கண்ணைத் துடைத்தார்.

"என்னத்தைச் சொல்ல?"

"மறைக்காதேங்கோ அண்ணை. நாங்கள் என்ன பிறத்தியே?"

அதற்குப் பிறகு கதவை மூட வழியே இருக்கவில்லை. ஒவ்வொரு மாடியாக வந்தார்கள். ரீப்போ நிறைந்து பைகள் நிலத்துக்கு இறங்கின. ரொறொன்ரோவிலிருந்து ஐயாவின் மகன் போன் எடுத்து, "அப்பா, நான் டிக்கற் போடட்டோ?" என்று அழுதான். "எனக்கு ஒண்டுமில்லையடா" என்று ஐயா கத்தினார். ஆறாம் மாடி லீலா அக்கா இளைப்பாறிய நேர்ஸ். "இப்பிடிக் கத்துறதும் ஒரு அறிகுறிதான்" என்று சொல்லிக்கொண்டே பிரஷர் மெசினை அவர் கையில் சுற்றிவிட்டார்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரே சொல்லில் இதை நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல்லைச் சொன்னால் நான் யார் என்றும் சொல்ல வேண்டிவரும். அதற்குள் பரமேசு அன்ரி திரும்பி, "இந்தத் தம்பிதான் முதல் வந்தவர். ஆர் இவர்?" என்று கேட்டார். அறை முழுக்க என்னைப் பார்த்தது. தர்சினியின் அம்மா அதுவரை வாயே திறக்காதவர். அவர்தான் முந்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பெடியன். அறிஞ்ச இடம்."

என் மாமியார் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன். அதன் பிறகு நான் சும்மா நிற்க முடியவில்லை. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். காலைத் தேய்க்கச் சொன்னார்கள், பெண் கேட்க வந்த வீட்டில் மாமனாரின் காலைத் தேய்த்தேன். மூன்றாம் மாடி மாமி சேலையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்கால் வீக்கத்தைக் காட்டி, இது வாதமோ என்று கேட்டார். நான் முழங்காலைப் பார்த்து, "கவனமா இருக்கோணும்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

லீலா அக்கா மெசினைப் பார்த்தார். இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "அண்ணை, பகிடி இல்லை. பிரஷர் சரியாக் கூடிப்போச்சு. வெளிக்கிடுங்கோ" என்றார்.

ஐயாவை நான்தான் அணைத்துப் பிடித்து லிப்டில் இறக்கி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பெண் கேட்கப் போய் ஒரு மனிதனை வார்ட்டில் படுக்கவைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கையாலாகாத கோபத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

டொக்டர் வந்து பார்த்தார். பிரஷர் இன்றைக்கு வந்ததல்ல, கனகாலமாக இருந்திருக்கிறது, இவர்தான் பார்க்கவே இல்லை என்றார். ஓர் இரவு தங்கச் சொன்னார். பின்னேரம் தர்சினி மருந்து எடுக்கக் கீழே போய்விட்டாள், அவளுடைய அம்மா ஐயாவுக்கு மாற்றிக் கட்டச் சாரம் எடுக்க வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் தனித்து இருந்தோம். கட்டிலைச் சுற்றி, துரத்திக்கொண்டு வந்த அப்பிள் பைகள்.

"எல்லாரும் கொண்டு வந்து வைச்சிட்டுப் போயினம்" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "ஒருத்தராவது வெட்டித் தந்தினமே?"

நான் கத்தி தேடி எடுத்து ஓர் அப்பிளைக் கழுவி வெட்டினேன். ஒரு துண்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன காணும் இது? இதுக்குள்ளால ஜன்னல் தெரியுது."

"சொறி அங்கிள். எங்க வீட்டுல ஒரு அப்பிள் கிடைச்சா எல்லாருக்கும் வரணும். அம்மா இப்பிடித்தான் வெட்டுவாங்க. கை பழகிட்டுது." (அதுவரை அவருக்காக இழுத்துப் பிடித்துப் பேசிய யாழ்ப்பாணத் தமிழைக் கைவிட்டுவிட்டேன். இனி யாருக்காக?)

அவர் அந்தத் துண்டைத் தின்றார். நீண்ட நேரம் மென்றார்.

"விதையோட நடுப் பக்கம் மிஞ்சுமே. அது ஆருக்கு?"

"கடைசித் தம்பிக்கு. அவன் அதைச் சூப்பிக்கிட்டே இருப்பான்."

"எங்கட வீட்டில அது எனக்கு" என்றார். "ஒன்பது பேரில நான்தான் கடைசி."

அந்த மனிதரின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அவர் கையை நீட்டினார். "இன்னொண்டு வெட்டும். இந்த முறை கொஞ்சம் தடிப்பா வெட்டும், இனி ஆர் பங்குக்கு வரப்போயினம்?" கோயிலோ சேர்ச்சோ என்ற கேள்வியை அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நான் பாடமாக்கிய பதில் அப்படியே வீணாய்ப் போனது.

இருபது வருசத்துக்கு மேலாகிறது. இப்போது நாங்களும் அதே தொடர்மாடியில்தான் இருக்கிறோம். சற்குணண்ணையின் உயிரைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரிப் பெடியனுக்கு, நன்றிக்கடனாகப் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார் என்பதுதான் கட்டடத்தின் முடிவான தீர்ப்பு. நான் கப்பல் கம்பனியில் வேலை செய்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், "ஓம் ஓம், இப்ப அங்கயோ" என்று தலையாட்டிவிட்டு ஒரு ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். சீனி, கொலஸ்ட்ரோல், சிறுநீரகம் எல்லாம் லிப்டுக்குள்தான். பல வருசமாகப் பார்த்துப் பார்த்து எனக்கே அரைகுறையாக விளங்கத் தொடங்கிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

போன மாதம் பொறுக்க முடியாமல் என் மாமனாரிடம் போனேன். இன்றும் விடிய நடக்கப் போகிறார், ஒரேயொரு வித்தியாசம், இப்போது குளிசை விழுங்கிவிட்டுப் போகிறார். "மாமா, நான் களைச்சுப் போனன். சனத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுவமா?" என்று கேட்டேன்.

மாமா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"சொல்லலாம். ஆனா பிறகு, நான் ஏன் உமக்குப் பொம்பிளை தந்தனான் எண்டு கேப்பினம். அதுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

எனக்குப் பதில் தெரிந்தது: ஜன்னல் தெரிய வெட்டிய ஓர் அப்பிள் துண்டு. அதை லிப்டுக்குள் நின்று பரமேசு அன்ரிக்கு விளங்கப்படுத்த முடியாது என்பதும் தெரிந்தது. அடுத்த நாள் காலை அன்ரி நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உப்பைக் குறைக்கச் சொன்னேன்.