எல்லோருக்கும் முப்பத்தைந்து நிமிடம்

"அப்பா, நீங்களும் அம்மாவும் பேசாம எங்க வீட்டுக்கே வந்துடுங்க" என்று பெரியவன் காலை எட்டேகாலுக்குப் போனில் சொன்னான்.

"பார்க்கலாம்டா" என்றார் அவர்.

எட்டே முக்காலுக்கு மகள் கூப்பிட்டாள். அதே வேண்டுகோள். அதே "பார்க்கலாம்மா". ஒன்பது பத்துக்குச் சின்னவன். அவனுக்கும் ஒரு "பார்க்கலாம்". மூன்று "பார்க்கலாம்"களும் போய்ச் சேர்ந்த இடத்தில் "சரி"யாக மாறிவிட்டன என்பது மறுநாள்தான் தெரிந்தது. பெரியவன் ஓர் அறையைக் காலி செய்து வைத்திருந்தான். மகள் கட்டில் வாங்கிவிட்டாள். சின்னவன் ஒரு சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, "கலர் பிடிச்சிருக்கா?" என்று போட்டோ அனுப்பியிருந்தான்.

"இப்ப என்ன செய்யறது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

புறநகர் ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்டவர் அவர். ஆபீசில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைம்டேபிள் என்றால்தான் தெரியும். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். பட்டப்பெயர் ஓய்வு பெறவில்லை. குடியிருந்த கட்டிடத்தை இடிக்கப் போவதாகவும், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் நோட்டீஸ் வந்ததிலிருந்துதான் இந்தத் தலைவலி.

ஊர் கடலை ஒட்டி நீட்டிப் படுத்திருந்தது. வடக்குக் கோடியில் துறைமுகத்தடியில் பெரியவன் வீடு. தெற்குக் கோடியில் மணலைத் தொட்டுக்கொண்டு சின்னவன் வீடு. மேற்கே குன்றின் மேல் மகள் வீடு. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒரு பக்கமாகக் குடியேறக் கூடாதா? ஒருத்தர் வீட்டுக்குப் போனால் மற்ற இருவருக்கும், 'உங்களை எடை போட்டுப் பார்த்தேன், தட்டு ஏறவில்லை' என்று சொன்னது போல ஆகிவிடும். அதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒவ்வொரு வீட்லயும் ஒரு வாரம் இருந்து பார்க்கிறோம்" என்று அறிவித்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

முதல் வாரம் துறைமுகம். விடிவதற்கு முன்னால் கப்பல் ஊதியது. டைம்டேபிள் எழுந்து உட்கார்ந்து மணி பார்த்தார். சத்தம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு நாள் ஐந்து பத்துக்கு ஊதியது, மறுநாள் ஐந்து இருபத்திரண்டுக்கு ஊதியது. அதுதான் தொந்தரவு செய்தது.

"கப்பல்னா ஒரு நேரம் காலம் வேண்டாமா?" என்றார்.

"அதெல்லாம் போகப் போகப் பழகிடும்பா. இன்னும் ரெண்டு கப்பல்துறை கட்டறாங்க, அப்புறம் நாள் பூரா ஊதும். நீங்க வித்தியாசமே தெரியாம தூங்கிடுவீங்க" என்று பெரியவன் ஆறுதல் சொன்னான்.

கிளம்பும்போது மகன் மனசு நோகக் கூடாதே என்று, "மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அரை மணி நேரத்தில் மகளிடமிருந்து போன்.

"அண்ணன் வீட்லயே தங்கறதா முடிவு பண்ணிட்டீங்களாமே! நான் வாங்கின கட்டிலை யார் தலையில கட்டறது?"

அடுத்த நாளே குன்றுக்கு ஓடினார். ஸ்டேஷனிலிருந்து மகள் வீட்டு வாசலுக்குத் தொண்ணூற்று நான்கு படி. அவர் எண்ணிக்கொண்டே ஏறினார்; அறுபதுக்கு மேல் எண்ண மூச்சு இல்லாததால் மனைவி எண்ணினாள். மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. ஒரு கதவைத் திறந்தால் மூன்று கதவுகள் அறைந்து சாத்திக்கொண்டன.

"காலையில வாக்கிங் போலாம்னா ஒண்ணு ஏற வேண்டியிருக்கு, இல்ல இறங்க வேண்டியிருக்கு. நடக்கவே முடியலையேம்மா!"

"அதுதான்பா உடம்புக்கு நல்லது. பக்கத்து வீட்டுத் தாத்தா எண்பது வயசுல தினம் மூணு தடவை ஏறி இறங்கறார். நேத்துதான் கால்ல கட்டு பிரிச்சாங்க."

அவளையும் சமாதானப்படுத்த வேண்டுமே. "என்ன இருந்தாலும் உன் வீட்டுக் காத்து மாதிரி வராதும்மா" என்றார். சாயங்காலமே சின்னவன் கூப்பிட்டான்.

"அப்ப என் வீட்டுக் காத்து என்ன, காத்தாடிக் காத்தாப்பா? கடல் காத்து! காசு கொடுத்தாலும் கிடைக்காது!"

கிடைத்தது, ஒரு வாரம் முழுக்க. கடல் காற்று குடைக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. மூக்குக் கண்ணாடியின் திருகைத் தின்றது. நான்காம் நாள் பதினொன்று நாற்பதுக்கு அவருடைய கைக்கடிகாரம் நின்றது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நிமிடம் பிசகாத கடிகாரம். அன்று மத்தியானம் முழுக்க அவர் அதைக் காதில் வைத்து வைத்துப் பார்த்தார்.

"இங்க வந்தா கடிகாரமே வேண்டாம்பா. அலையைப் பார்த்துக்கிட்டு அப்படியே உட்கார்ந்துடலாம், நேரமே தெரியாது" என்றான் சின்னவன். கால அட்டவணை போட்டவரிடம் இதைவிட மோசமாக ஒருவன் பேச முடியாது. ஆனாலும் பெற்ற பிள்ளை. "சுவர் கலர் நல்லா இருக்குடா" என்றார். அந்தச் செய்தியும் பறந்தது.

வீடு திரும்பியபோது மூன்று பிள்ளைகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போன் போட்டு அதைச் சொன்னார்கள்.

ஆகவே எல்லோரையும் வீட்டுக்கு வரவழைத்து, தன் தொழிலைக் கையில் எடுத்தார். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, வீட்டுக்கு நாலு மாதம் என்று பிரித்திருந்தார்.

"பள்ளிக்கூட லீவு மாசம் எனக்குத்தான்" என்றான் பெரியவன்.

"என் பிள்ளைங்க மட்டும் தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டாமா?" என்றாள் மகள்.

"எனக்கு மட்டும் மழைக்காலமா? மழையில என் வீட்டு வாசல்ல கடலே வந்து நிக்கும்!" என்றான் சின்னவன்.

டைம்டேபிள் தாளைத் திருப்பிப் போட்டார். "சரி. மாசாமாசம் ஆளுக்குப் பத்து நாள். யாருக்கும் குறை இல்லை."

இதுவரை வாய் திறக்காத மனைவி, டீயை வைத்துவிட்டுக் கேட்டாள்: "முப்பத்தொண்ணாம் தேதி எங்க இருப்போம்? ஸ்டேஷன்லயா?"

அந்த முப்பத்தொன்றாம் தேதிக்காக மூன்று பேரும் அடித்துக்கொண்ட அடியில் டீ ஆறிப்போனது. சீட்டுக் குலுக்கலாம் என்றார். சீட்டை யார் எழுதுவது என்பதில் அடுத்த சண்டை. ஆளுக்கொரு ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்கள். பிள்ளைகளைச் சேர்த்து வைக்க நினைத்தவர், சேர்ந்திருந்த பிள்ளைகளைப் பிரித்ததுதான் மிச்சம் என்று நாற்காலியில் சாய்ந்தார்.

காலி செய்யப் பதினெட்டு நாள்தான் பாக்கி. மனைவி பரணிலிருந்து பழைய சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தாள். தடித்த புத்தகம் ஒன்றைத் தூசி தட்டித் தூக்கிக் காட்டினாள்.

"இதையும் எடைக்குப் போட்டுடலாமா?"

அவர் போட்ட கால அட்டவணை! பாய்ந்து வாங்கினார். வாங்கியவர், பக்கத்தைப் புரட்டினார். புரட்டியவர், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிலோமீட்டரில் தூரம் சொல்பவன் ரயில் ஏறாதவன் என்பது அவர் கட்சி. நிமிடக் கணக்கில் வடக்கிலிருந்து வந்தார், தெற்கிலிருந்து வந்தார், குன்றிலிருந்து இறங்கி வந்தார். மூன்று கணக்கும் ஒரே ஸ்டேஷனில் வந்து முட்டின. மூன்று வீட்டுக்கும் அங்கிருந்து முப்பத்தைந்தே நிமிடம். ரயில் நாற்பது விநாடி நிற்கும் சின்ன ஸ்டேஷன். மீன் குளிரூட்டும் கிடங்கில் வேலை செய்பவர்களைத் தவிர யாரும் அங்கே இறங்கியதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினார்.

"எதை?" என்றாள் மனைவி, பரணிலிருந்து.

மறுநாள் தனியாகப் போனார். ஸ்டேஷன் படி இறங்கியதும் நேர் எதிரே ஒரு லாண்டரி. அதன் மாடியில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு. தேடிப்போன மூலிகை காலில் சிக்கியது போல இருந்தது. கீழே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாள்தான் சொந்தக்காரி. பன்னிரண்டே படி, பிடித்து ஏற இரண்டு பக்கமும் கம்பி. மேலே விசாலமான இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம்.

"எத்தனை பேர், என்ன வேலைன்னு நீங்க எதுவும் கேட்கலையேம்மா?"

"உங்களைப் பார்த்தாலே தெரியுது சார். எப்ப வர்றீங்க?"

முகத்தைப் பார்த்தே மனிதரை அளக்கத் தெரிந்தவள் என்று அவளை உடனே மெச்சினார்.

பிள்ளைகளிடம் சொன்னபோது மூவரும் ஒன்றாகக் குதித்தார்கள். "அங்கயா? மீன் வாடைப்பா!" என்றான் சின்னவன். "அக்கம்பக்கம் யாரையுமே தெரியாதேப்பா!" என்றாள் மகள். "வேண்டவே வேண்டாம்பா, சொன்னாக் கேளுங்க" என்று பெரியவன் கெஞ்சினான்.

அந்த "சொன்னாக் கேளுங்க" போதுமானதாக இருந்தது. டைம்டேபிள் அன்றே வண்டிக்குச் சொன்னார்.

குடி வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொன்று ஐந்துக்கு வடக்கு வண்டியில் பெரியவன் குடும்பம் வந்து இறங்கியது. பதினொன்று ஒன்பதுக்கு மகள் குடும்பம், பதினொன்று பன்னிரண்டுக்குச் சின்னவன் குடும்பம். ஜன்னலில் நின்று ஒவ்வொரு வண்டியையும் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அன்றுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது. பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டார்கள். தோல்வியை எவ்வளவு பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு லாண்டரிக்கு இறங்கினார். சட்டையைக் கொடுத்த பிறகும் நகரவில்லை. பெருமை உள்ளே இருப்புக்கொள்ளாமல் துள்ளியது.

"மூணு பிள்ளைங்களுக்கும் சரிசமமா முப்பத்தஞ்சு நிமிஷம். இந்த ஊர்ல இந்த ஒரு இடம்தான் அப்படி. முப்பத்தொரு வருஷ அனுபவம் இருக்கறதால எனக்குப் பட்டுது. வேற யாராலயாவது இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியுமா, சொல்லுங்க!"

லாண்டரி அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்ன சார், தெரியாத மாதிரி கேட்கறீங்க? உங்களுக்கு நோட்டீஸ் வந்த வாரமே பிள்ளைங்க மூணு பேரும் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து, 'அப்பா தானாக் கண்டுபிடிச்சு வருவார், எப்படியும் ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் போர்டு தொங்கட்டும், வேற யாருக்கும் விட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே!"